பழத்தோசைக்கு வந்த மேகம்

பல்லடத்தில் விசைத்தறி வைத்திருந்த ஒரு மனைவியிழந்தவரைச் சபையார் பார்த்துச் சொல்ல, தபீத்தாள் தன் ஐம்பத்திரண்டாவது வயதில் கல்யாணம் செய்துகொண்டு, கருங்குன்று எஸ்டேட்டிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கிப் போனாள். அந்த மாசி மாதத்துத் திங்கட்கிழமை, அவளுடைய தங்கை சலோமி பஸ் தேயிலைக்குள் மறையும்வரை கையாட்டிவிட்டு, நேரே எஸ்டேட் ஆபீசுக்குப் போய், எட்டரை மணிக்கு வாசலிலிருந்த மழைமானியைத் திறந்து பார்த்து 'இல்லை' என்று எழுதி, நாள் முழுக்க வேலையாட்களின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டுச் சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிக் கதவைத் தள்ளியபோதுதான் அது பூட்டியிருப்பது நினைவுக்கு வந்தது. இருபத்தோரு வருஷத்தில் அந்தப் பூட்டை அவள் ஒருநாளும் திறந்ததில்லை. உள்ளே எப்போதும் அக்கா இருந்திருக்கிறாள்.

யாராவது செத்துப்போயிருந்தால் துக்கம் கேட்க ஆட்கள் வந்திருப்பார்கள், ஒரு வாரமாவது யாராவது வந்து கூடப் படுத்திருப்பார்கள், எதிர்வீட்டிலிருந்து சோறு வந்திருக்கும். நடந்தது கல்யாணம். ஆகையால் வழியில் கண்டவர்களெல்லாம் சிரித்த முகத்தோடு "அக்கா சௌக்கியமா?" என்று கேட்டார்கள், சலோமியும் சிரித்த முகத்தோடு "சௌக்கியம்" என்று சொன்னாள். நாற்பத்தாறு வயதில், வாழப்போன அக்காளை நினைத்து அழுவதற்கு எந்த ஊரும் ஒரு முறை வைத்திருக்கவில்லை.

வார நாட்களை ஆபீஸ் விழுங்கிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் தொண்டையில் நின்றது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் அந்த வீட்டில் பழத்தோசை. அவர்களுடைய அப்பா எஸ்டேட் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். துரைமாருக்குப் பான்கேக் சுட்டுக்கொடுத்த கையோடு வீட்டுக்கு வந்து, மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு, சர்க்கரைக்குப் பதில் வெல்லப்பாகு, வெண்ணெய்க்குப் பதில் நெய் என்று மாற்றிப் போட்டு அதற்குப் பழத்தோசை என்று பெயரும் வைத்துவிட்டார். மாவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, புளிக்காத தயிர் விட்டு, ஏலக்காய் நுணுக்கி, ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டு, கட்டியில்லாமல் அடித்து, கல்லில் கனமாக ஊற்றி, மேலே குமிழ்கள் வெடிக்க ஆரம்பிக்கிற நேரம் பார்த்து மலைவாழைப் பழத்தை வட்டம் வட்டமாக அரிந்து பதித்துத் திருப்பிப் போட்டால், பழம் கல்லில் பட்டுச் சிவந்து தன் பாகைத் தானே கட்டிக்கொள்ளும். ஒரு முட்டைக்கு நாலு தோசை. ஆளுக்கு இரண்டு.

அக்கா போன பிறகும் நாலுதான் வந்தது. முட்டையில் பாதி என்று ஒன்று கிடையாது. சலோமி இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, மீதி இரண்டை மூடிவைத்து, அவை ஆறி விறைத்துப்போவதை அன்றைக்குப் பூராவும் பார்க்காததுபோல வீட்டுக்குள் நடமாடினாள். சர்ச் முடிந்து வந்ததும் அக்காவிடமிருந்து போன் வரும். பின்னால் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும்.

"நல்லாருக்கியா?" என்று அக்கா கத்துவாள்.

"நல்லாருக்கேன். நீ?"

"நல்லாருக்கேன். வீடு நிறைய ஆளு."

அதற்குமேல் தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது.

சித்திரை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது தோசை கல்லில் கிடந்தபோது, பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்தது. அந்த மலையில் மேகம் வீட்டுக்குள் வருவதை யாரும் ஒரு செய்தியாகச் சொல்ல மாட்டார்கள். ஒரு ஜன்னல் வழியாக வரும், கொடியில் காயும் துணியை நனைக்கும், அடுத்த ஜன்னல் வழியாகப் போய்விடும். அன்றைக்கு வந்தது போகவில்லை. அடுப்பை ஒருமுறை சுற்றியது, சாப்பாட்டு மேசைக்கு வந்தது, தன்னைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சேர்த்துக்கொண்டு, உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷியின் உயரத்துக்குத் திரண்டு, எதிர் நாற்காலியில் அமர்ந்தது.

சலோமி தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாரும் என்ன சொல்வார்களோ அதையே சொன்னாள்.

"சாப்பிடுங்க."

தட்டில் வைத்த தோசையின்மேல் மேகம் கவிந்தது. தோசையின் ஓரங்கள் முதலில் ஈரமாகி, பிறகு மெலிந்து, தண்ணீரில் விழுந்த காகிதம்போல் நடுப்பக்கம் நோக்கிக் கரைந்துகொண்டே போய், கடைசியில் மூன்று வாழைப்பழ வட்டங்கள் மட்டும் தட்டில் மிஞ்சின. பழத்தை அது கடைசிக்கு வைத்துக்கொண்டது. அக்காவும் அப்படித்தான் சாப்பிடுவாள். சலோமி நாலாவது தோசையையும் சுட்டு வைத்தாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை.

திங்கட்கிழமை காலையிலும் அது நாற்காலியிலேயே இருந்தது. ஆகையால் அவள் திங்கட்கிழமையும் சுட்டாள், செவ்வாய்க்கிழமையும் சுட்டாள், ஞாயிற்றுக்கிழமைக்கென்று இருந்த பலகாரம் எல்லாக் கிழமைக்கும் வந்தது. இரண்டாம் வாரம் 'நீங்க' போய் 'நீ' வந்தது. மேகம் பேசாது, ஆனால் கேட்கும். அவள் பேசும்போது அதன் விளிம்புகள் அசையாமல் நிற்கும், அவள் நிறுத்தினால் மெல்லக் கலையும், மறுபடி ஆரம்பித்தால் மறுபடி கூடும். அவள் ஆபீஸ் கதையைச் சொன்னாள், அப்பா சொன்ன துரைமார் கதைகளைச் சொன்னாள், பதினெட்டு வயதில் தன்னிடம் ஒருவன் எழுதிக்கொடுத்த சீட்டைத் தன் தலையணைக்குள்ளிருந்து எடுத்து அக்கா அடுப்பில் போட்டதையும், அதற்காக மூன்று வருஷம் அக்காவை மனதுக்குள் வைததையும், பிறகு மறந்துபோனதையும் சொன்னாள். வீட்டில் எந்தத் துணியும் காயவில்லை. உப்பு ஜாடியில் உப்பு தண்ணீராயிற்று, தீக்குச்சிகள் மருந்து உதிர்ந்தன, வேதப் புத்தகம் ஊறி இரண்டு மடங்கு கனத்தது. அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஆள் இருந்தால் இடைஞ்சலும் இருக்கத்தான் செய்யும்.

முதலில் பார்த்தவள் பாப்பாத்தி. கீழே, எண்பது படிக்கட்டுக்கு அப்பால், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் பாடியில் குடியிருந்த அவள், கொழுந்து எடுக்கிறவள். முதுகுவலி வந்து படுத்துவிட்ட புருஷனையும் மாமியாரையும் தன் ஒருத்தி கூலியில் வைத்துக் காப்பாற்றுகிறவள். பட்டியலில் பெயர் விட்டுப்போனதைச் சொல்ல வந்தவள், கதவருகே நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"யாருக்கா விருந்தாளி?"

"மேகம்" என்றாள் சலோமி.

"அது தெரியுது. எத்தன நாளா?"

"ரெண்டு வாரம் ஆகப்போகுது."

"பழம் சேருதா அதுக்கு? எங்க வீட்டு வாசல்ல கொய்யா உதிருது, கொண்டாரேன்."

அவள் சொன்னபடியே கொண்டுவந்தாள். கொய்யாப்பழம் பதித்த தோசையைத் தின்ற மேகம் மத்தியானம்வரை இளஞ்சிவப்பாக இருந்தது. இந்தச் செய்தி பாடி முழுக்கப் பரவியது. யானை ரேஷன் கடைக்கு வருகிற, சிறுத்தை பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துத் தூங்குகிற மலையில் ஒரு மேகம் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பற்றி யாரும் வாயைப் பிளக்கவில்லை. எந்தப் பழத்துக்கு என்ன நிறம் வரும் என்பதைப் பற்றித்தான் எல்லாருக்கும் அபிப்பிராயம் இருந்தது. முசுக்கொட்டைப் பழத்தோடு ஒருவர் வந்தார், மேகம் இரண்டு நாள் ஊதாவாக நின்றது. பலாச்சுளைக்கு மஞ்சள் வந்தது. நாவல் பழத்துக்குக் கறுத்துக் கன்னங்கரேலென்று ஆகி எல்லாரையும் பயமுறுத்திவிட்டு மறுநாள் வெளுத்தது. அன்னாசி மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு முழுவதும் தும்மல்போல் தூறிக்கொண்டே இருந்தது.

பாஸ்டர் வந்து பார்த்து, இஸ்ரவேலருக்கு மேகம் வழிகாட்டியதையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரு தோசை சாப்பிட்டுப் போனார். மாரியம்மன் கோயில் பூசாரி, அம்மன் எந்த வீட்டில் வேண்டுமானாலும் சாப்பிடுவாள் என்று வாசலில் ஒரு கொத்து வேப்பிலை செருகிவிட்டுப் போனார். குன்னூரிலிருந்து புதிதாக வந்திருந்த மேனேஜர் துரை, குவார்ட்டர்ஸில் உறவினர் பதினைந்து நாள்தான் தங்கலாம் என்று விதி இருப்பதை ஞாபகப்படுத்தினார்.

"இது உறவா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

சலோமி யோசித்தாள். "உறவு இல்லைங்க சார். பழக்கம்."

பழக்கத்துக்கு விதி இல்லை. துரை விட்டுவிட்டார்.

இப்படி இருக்கையில் ஜூன் பிறந்தது. கருங்குன்றில் ஜூன் என்றால் மழை. முதல் வாரத்திலேயே கேரளப் பக்கத்திலிருந்து இடித்துக்கொண்டு வரும், குடை உதவாது, கொழுந்து எடுப்பவர்கள் பிளாஸ்டிக் படுதாவைத் தலையோடு கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே மூன்று மாதம் வாழ்வார்கள். அந்த வருஷம் முதல் வாரம் போயிற்று. சலோமி ஒவ்வொரு நாளும் எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, அடியில் ஒரு சிலந்தி வலை கட்டியிருப்பதைப் பார்த்து, 'இல்லை' என்று எழுதினாள். கேரளப் பக்கத்திலிருந்து மேகங்கள் மலை முகடுவரை வந்தன. வந்து, முன்னால் போகிற ஒன்றைக் காணாமல் தயங்கும் ஆட்டு மந்தைபோல் நின்று, திரும்பிப் போயின.

ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை, தோசை சாப்பிட்டு முடித்த மேகத்தின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தூரத்தில் பீப்பாய் உருளுவதுபோன்ற சத்தம். அதைத் தொடர்ந்து, மேசைக்கு அடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மின்னல் வெட்டி, சில்வர் தட்டு ஒரு கணம் வெளிச்சமாயிற்று. வீடு முழுக்க மண்வாசனை எழுந்தது.

சலோமி எழுந்து நின்றாள். இருபத்து மூன்று வருஷமாக மழையை அளந்து எழுதியவள் அவள். மழை எப்படி ஆரம்பிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தன் எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்ததும் அவள் செய்த முதல் காரியம், ஜன்னலருகே போய், அதைச் சாத்திக் கொக்கியைப் போட்டதுதான்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த இருபத்தைந்து நாளும் அவள் ஆபீசுக்குப் போனாள், 'இல்லை' என்று எழுதினாள், தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தாள், சுட்டாள், எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். தேயிலை வாடியது. இலைகளில் செஞ்சிலந்தி ஏறி மலைச்சரிவுகள் துருப்பிடித்த தகரம்போல் சிவந்தன. ஆறு நாள் வேலை நாலு நாளாயிற்று, நாலு மூன்றாயிற்று. காலைப் பெயர் கூப்பிடுகிற மைதானத்தில் கூட்டம் நிற்கும், சூப்பர்வைசர் ராயப்பன் பாதிப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு நோட்டை மூடுவார், மீதிப் பேர் ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடப்பார்கள். கோயிலில் கிடா வெட்டினார்கள், சர்ச்சில் மூன்று நாள் உபவாச ஜெபம் நடந்தது. உபவாச ஜெபத்தில் சலோமியும் முழங்கால் போட்டாள். மழைக்காக எல்லாரும் கேட்டபோது அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

ஜூலை ஏழாம் தேதி பாப்பாத்தி ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தோடு படியேறி வந்தாள். அவள் பெயர் அந்த வாரம் ஒருநாள்கூடக் கூப்பிடப்படவில்லை. ஆனாலும் மேகத்துக்குப் பழம் கொண்டுவந்திருந்தாள். கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஈரக்காற்று முகத்தில் அறைந்தது. மேகம் இரண்டு அறையையும் நிரப்பி, கூரையில் முட்டி, நாற்காலியில் உட்கார இடமில்லாமல் நாற்காலியை மூடிக்கொண்டிருந்தது. பாப்பாத்தி வெளியே வெடித்துக் கிடந்த மண்ணைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே, சுவரில் வழிந்துகொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள். சாத்தியிருந்த ஜன்னலையும் அதன் கொக்கியையும் பார்த்தாள்.

"அக்கா" என்றாள், குரலை உயர்த்தாமல். "மழை உங்க வீட்டுல உக்காந்து பலகாரம் தின்னுக்கிட்டு இருக்கு."

சலோமியும் அந்தக் கொக்கியைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"போன மாசம் பன்னெண்டாம் தேதில இருந்து."

பாப்பாத்தி சீப்பைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவள் வைதிருந்தால் தேவலை. "எங்க வீட்டுல நாலு நாளா கஞ்சிதான்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

"எனக்கு எதுக்க ஒரு ஆள் உக்காந்து சாப்பிடுதுன்னு..." என்று ஆரம்பித்த சலோமி, அந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் கஞ்சிக்குமுன் அது நிற்காது என்று தெரிந்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் மைதானத்தில் அவளே எல்லாருக்கும் சொன்னாள். யாரும் கூச்சல் போடவில்லை, கல் எடுக்கவில்லை. சிலர் அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள், சிலர் இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே கிளார்க் அம்மா என்றார்கள், ஒரு பெண் மட்டும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து மேகத்தை வெளியே அனுப்புகிற வேலையில் இறங்கினார்கள். கதவு ஜன்னலையெல்லாம் திறந்து மின்விசிறி போட்டார்கள். அது அலமாரிக்குப் பின்னால் போய் ஒடுங்கிக்கொண்டது. சாம்பிராணிப் புகை போட்டார்கள். புகையும் அதுவும் சேர்ந்துகொண்டு யார் யாரென்று தெரியாமல் போயிற்று. மேனேஜர் துரை ஆபீஸ் தாளில் ஒரு நோட்டீஸ் டைப் செய்து கொடுக்க, ராயப்பன் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, 'மேற்படி குடியிருப்பில் அனுமதியின்றித் தங்கியிருப்பவர் மூன்று தினங்களுக்குள்' என்று கணீரென்று படித்தார். மேகம் அவருடைய மூக்குக் கண்ணாடியில் வந்து படிந்தது. அவர் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

"சோறு போட்டா நாய் போகுமா? சுடுறத நிறுத்துங்க" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

சலோமி நிறுத்தினாள். முதல் நாள் காலை மேகம் தட்டின் முன்னால் காத்திருந்தது. இரண்டாம் நாளும் காத்திருந்தது. மூன்றாம் நாள் அது மெலிந்து, பழந்துணிபோல் நைந்து, அதன் வழியாகச் சுவர்க் காலண்டரின் தேதி தெரிந்தது. அப்போதும் நாற்காலியை விட்டு அகலவில்லை. சலோமி அதன் எதிரே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தாள். ராயப்பன் வந்து பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தார்.

"இது இப்படியே போச்சுன்னா ஒரு வாளி தண்ணிகூடத் தேறாதே அம்மா."

பாப்பாத்திதான் சொன்னாள். "பொண்ண வழியனுப்பறவ பட்டினி போட்டா அனுப்புவா? வயிறு நிறைய வச்சு அனுப்பணும்க்கா. வீட்டுக்குள்ள வச்சா உக்காந்துக்கும். மேட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. உங்க பின்னாடி வரும்."

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, கேன்டீனின் பெரிய தோசைக்கல்லை நாலு பேர் தூக்க, விறகை ஆறு பேர் சுமக்க, கருங்குன்று முழுக்கக் கொடிமரத்து மேட்டுக்கு ஏறியது. அதுதான் அந்த எஸ்டேட்டின் உச்சி. அதற்கு அந்தப்பக்கம் கேரளம். யார் வீட்டிலும் மிச்சம் என்று எதுவும் இல்லாத அந்த மாதத்தில் ஒருத்தி ஒரு கைப்பிடி மாவு கொண்டுவந்தாள், ஒருத்தி ஒரு முட்டை, ஒருவர் அச்சு வெல்லத்தில் பாதி, துரையின் பங்களாவிலிருந்து ஒரு டின் நெய். பழம் மட்டும் கூடைகூடையாக வந்தது. மழை இல்லாவிட்டாலும் அந்த வருஷம் மரங்கள் காய்த்திருந்தன. எல்லாருக்கும் கடைசியில் சலோமி நடந்தாள். அவளுக்குப் பின்னால், அவள் சேலைத் தலைப்பின் நுனியைத் தொட்டும் தொடாமலும், மெலிந்த மேகம் படி படியாக ஏறி வந்தது.

ஆறு மணிக்குக் கல் காய்ந்தது. வாழை, கொய்யா, பலா, முசுக்கொட்டை, நாவல் என்று கைக்கு வந்ததையெல்லாம் பதித்து அவள் ஊற்றினாள், திருப்பினாள், எடுத்து வைத்தாள், ஊற்றினாள். மேகம் தின்றது. இளஞ்சிவப்பாகி, மஞ்சளாகி, ஊதாவாகி, எல்லா நிறமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நீலமாகி, கருநீலமாகி, எட்டு மணிக்குக் கொடிமரம் மறைந்தது, ஒன்பது மணிக்குப் பக்கத்தில் நிற்பவர் மறைந்தார். சுற்றி நின்ற அத்தனை பேரும் பசியோடு இருந்தார்கள், ஒருவரும் கை நீட்டவில்லை. கடைசி மாவை வழித்து ஊற்றிய தோசையும் கரைந்தபோது சலோமி கரண்டியைக் கீழே வைத்தாள். மேகத்துக்குள்ளே இடி உருண்டது.

ஆனால் அது எழவில்லை. கல்லுக்கு எதிரே, அவள் முகத்துக்கு எதிரே, அங்கேயே இருந்தது.

"சாப்பிட்டாச்சுல்ல" என்றாள் சலோமி. "போயிட்டு வா."

மேகம் எழுந்தது. ஒரு பனை உயரம் மேலே போயிற்று. பிறகு திரும்பி வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தது.

"போயிட்டு வா" என்றாள் மறுபடி. மறுபடியும் எழுந்து, இன்னும் கொஞ்சம் உயரம் போய், மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை சொன்னபோதும் அப்படியே. கூட்டத்தில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. சலோமிக்குப் புரிந்தது. அவள் சொன்னதைத்தான் அது செய்துகொண்டிருந்தது, போய்விட்டு வந்துகொண்டிருந்தது. பஸ் படியில் நின்ற அக்காவிடமும் அவள் அதையேதான் சொல்லியிருந்தாள், எல்லாரும் எல்லாரிடமும் அதையேதான் சொல்கிறார்கள், வராதவர்களிடமும் வர மாட்டார்கள் என்று தெரிந்தவர்களிடமும்கூட. வெறுமனே 'போ' என்று சொல்வதற்கு அவளுக்கு நாக்கு பழகியிருக்கவில்லை. அது விரட்டுகிற சொல், சாபத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சொல்.

அவள் எழுந்து நின்று மேகத்துக்குள் கையை நீட்டினாள். முழங்கைவரை குளிர்ந்தது.

"போ" என்றாள்.

மேகம் கொஞ்ச நேரம் அசையவில்லை. அதன்பிறகு அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு எழுந்தது, கொடிமரத்துக்கு மேலே எழுந்தது, முகட்டுக்கு அந்தப்பக்கம் தயங்கி நின்ற மந்தையெல்லாம் அதைக் கண்டு இந்தப்பக்கம் திரும்பின, வானம் மூடியது. முதல் சொட்டு சூடான கல்லில் விழுந்து சீறியது. இரண்டாவது சொட்டு யார் தலையில் விழுந்ததோ தெரியாது, அதற்குள் எல்லாரும் கத்திக்கொண்டு, விழுந்து எழுந்து, சேற்றை வாரி ஒருவர்மேல் ஒருவர் பூசிக்கொண்டு கீழே ஓட ஆரம்பித்துவிட்டார்கள். பாப்பாத்தி மட்டும் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஓடி வந்து தன் படுதாவைச் சலோமியின் தலையில் போட்டுவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து, மழையில் கேட்காது என்று விட்டுவிட்டு ஓடினாள்.

மறுநாள் எட்டரை மணிக்கு மழைமானி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பதினொரு நாள் விடாமல் பெய்தது. தேயிலை துளிர்த்தது, வேலை ஆறு நாளுக்குத் திரும்பியது, ஞாயிற்றுக்கிழமையும் ஆள் தேவைப்பட்டது. முதல் வாரம் சலோமியின் கதவுக்கு ஆட்கள் வந்தார்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கு, ஒரு கட்டுக் கீரை, ஒருநாள் கோழிக்குழம்பு. இரண்டாம் வாரம் வேலை அதிகமாக இருந்தது. பாப்பாத்தி விடியுமுன் மைதானத்துக்குப் போய் இருட்டும்போது திரும்பினாள், படியேறி வருவதற்கு அவள் காலில் வலு இல்லை. வழியில் பார்த்தால் சிரித்தாள். சலோமியின்மேல் யாருக்கும் கோபம் இல்லை. மேகம் கதையை, மூன்று வருஷத்துக்கு முன்னால் யானை ரேஷன் கடை அரிசியைத் தின்ற கதைக்கு அடுத்ததாகச் சொல்லப் பழகிவிட்டார்கள். வீட்டுக்குள் எல்லாம் காய்ந்துவிட்டிருந்தது. வெளியே அத்தனை மழையிலும் சுவர்கள் ஒரு பொட்டு ஈரமில்லாமல், தட்டினால் சத்தம் வருமளவுக்குக் காய்ந்திருந்தன. மழைக்காலத்து மேகங்கள் ஜன்னல் வழியாக வந்து அடுத்த ஜன்னல் வழியாகப் போயின.

ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது.

"ஏளா சலோமி." அக்காவின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அவள் கத்தவில்லை. "சத்தம் கேக்குதா? இங்க கரண்ட் போயிட்டு. தறியெல்லாம் நின்னுட்டு."

"நல்லாக் கேக்குது."

"நல்லாருக்கியா?"

நல்லாருக்கேன் என்ற சொல் சலோமியின் வாயில் தயாராக இருந்தது. தறிச் சத்தம் இருந்திருந்தால் அது வெளியே வந்திருக்கும். அந்த அமைதியில் அது வரவில்லை.

"இல்லக்கா. நல்லால்ல."



"எப்ப இருந்து?" என்றாள் அக்கா.

"நீ போன அன்னையில இருந்து."

தபீத்தாள், ஒரு வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோல, நிதானமாகச் சொன்னாள்.

"இங்க ஒன்பது பேரு இருக்கோம். அவரு நல்ல மனுஷன்தான், ஒரு சொல்லு கிடையாது. மருமகளுக ரெண்டும் நல்ல பிள்ளைகதான். ஆனா தறி ஓடுத வீடு பாத்துக்கோ. அவுக அவுக ஷிப்டுக்கு அவுக அவுக தட்டு. நான் வச்சுக் கொடுப்பேன், எடுத்துட்டுப் போவாக. அஞ்சு மாசமாச்சு, ஒரு ஆளும் என் முன்னால உக்காந்து சாப்பிட்டுப் பார்த்ததில்ல. பேசினாக் கேக்கவும் கேக்காது."

"ஏங்க்கா சொல்லல?"

"நீ நல்லாருக்கேன்னு சொன்னியே. நல்லாருக்கவகிட்ட இத எப்படிச் சொல்லுதது?"

சலோமி ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தாள். மேகத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தாள். அது எங்கே ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் அக்கா கேட்டாள்.

"அங்க என்ன அது சத்தம்?"

"மழை."

"இங்க ஒரு பொட்டு கிடையாது. வானம் தகரம் கணக்கா இருக்கு." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஏளா, போனைக் கொஞ்சம் வெளிய நீட்டேன். கேக்கட்டும்."

சலோமி கொக்கியை நீக்கி ஜன்னலைத் திறந்து, போனைப் பிடித்த கையைக் கூரைவிளிம்பு நனையவிடாத தூரம்வரை நீட்டினாள். தேயிலையின்மேல், தகரக் கொட்டகையின்மேல், கீழே பாடியின் ஓடுகளின்மேல், எண்பது படிக்கட்டின்மேல் பெய்துகொண்டிருந்த மழை அத்தனையும் போனின் அந்தச் சின்னத் துளைக்குள் போய்க்கொண்டிருந்தது. சாரலில் முழங்கைவரை நனைந்தது. தோள் வலித்தது. மறுமுனையில் கரண்ட் வந்து தறிகள் ஓட ஆரம்பித்துவிட்டனவா, அக்கா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாளா என்று காதில் வைத்துப் பார்க்கப் பயந்து, கை மரத்துப்போன பிறகும் அவள் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள்.